பீரோவுக்கு அந்தப் பக்கம்

ஒன்று புள்ளி ஒன்று. தங்கப்பழம் அதை நோட்டில் எழுதினார். மணி இரண்டு இருபது, ஒன்று புள்ளி ஒன்று. அதற்கு மேல் வரியில் இரண்டு பத்து, பூஜ்யம் புள்ளி ஒன்பது. இணைய வேகத்தை அளந்தால் கம்ப்யூட்டர் திரையில் அரைவட்டமாக ஒரு கேஜ் வரும், அதில் ஒரு முள், எழுவதுபோல் பாவனை செய்து இடது ஓரத்திலேயே துடித்துவிட்டு அடங்கிவிடும். ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் அமோனியா கேஜைப் பார்த்து மணிக்கொரு தரம் எழுதியவருக்கு முள் சும்மா படுக்காது என்று தெரியும். நாற்பது வரும் என்று சொல்லித்தான் வைஃபை போட்டுக் கொடுத்தார்கள். நாற்பது வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தால் மிச்சம் முப்பத்தொன்பது எங்கே போகிறது? அமோனியா ஒருநாளும் காணாமல் போனதில்லை, எங்கோ ஒரு மயிரிழைச் சந்தில் கசிந்து யார் மூக்கிலோ ஏறும். கந்தகத் திரியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு குழாய் குழாயாக, முட்டு முட்டாக நடப்பார். கசிவு இருக்கும் இடம் வந்ததும் திரியின் புகை வெள்ளைவெளேரென்று திரளும். இல்லாத இடத்தில் ஒரு ஆள் எழுந்து நிற்பதுபோல இருக்கும். புதிதாக வந்தவர்கள் பின்வாங்குவார்கள். அவர் அந்த வெள்ளைக்குள் கையை விட்டு வால்வைத் தேடுவார். இந்த வீட்டுக்குள் அப்படி ஒரு திரி இருந்தால் நன்றாக இருக்கும். எந்த மூலையில் போய் நின்றால் வெள்ளை எழும்பும் என்று நினைத்ததும், நினைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. பிடரியில் வியர்வை இறங்கியது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே உப்பளத்துக் காற்று, பகல் இரண்டரை மணிக்குத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நாலு மணிக்கு மகள் தமயந்தி கூப்பிடுவாள். நாலுக்கு என்றால் அங்கே டப்ளினில் பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவார்கள். அவள் அம்மாவுக்குச் செய்த அதே ஆபரேஷன். உள்ளே போவதற்கு முன்னால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். குரல் போதாதாம். “பட்டன் போன்ல பேசிட்டா போதும்னு நெனைக்காதிய. எனக்கு முகம் வேணும்ப்பா. ஒங்க கண்ணு ரெண்டையும் பாத்துட்டுத்தான் போவேன்.” பதினான்கு மாதமாக அவர் யாருக்கும் முகம் காட்டவில்லை. சரி என்றுவிட்டார். சரி என்ற பிறகுதான் முள் படுத்துக் கிடப்பதைப் பார்த்தார்.

கேபிள்கார இசக்கிராஜ் மூன்றாவது தரம் அடித்தபோது எடுத்தான். காற்று இரைந்தது, ஏதோ கம்பத்தில் நிற்கிறான். “அண்ணாச்சி, நான் இப்பம் முத்தையாபுரத்துல மேல ஏறி நிக்கேன். ஆறு மணிக்கு வாரேன், போதுமா?” “ஆறு மணிக்கு நீ வந்து என்னத்துக்குடே? எம்பிள்ளைய நாலு மணிக்கு…” அவன் குரலைத் தாழ்த்தினான். “சரி, சொல்லுதேன், ஒண்ணொண்ணா பாருங்க. சிபியூவுக்குப் பொறத்தால ஒரு சின்னக் குச்சி சொருகியிருக்கும்லா, அத முன்னால மாத்திச் சொருகுங்க.” மாற்றினார். ஒன்று புள்ளி மூன்று. எழுதினார். “டப்பாவ ஒருக்கா அணைச்சுப் போடுங்க. கம்ப்யூட்டர அணைச்சிராதிய, அது கெழடு, எந்திரிச்சாலும் எந்திரிக்கும், எந்திரிக்காட்டி இல்ல.” ஹாலுக்குப் போய் வாசல் மூலையில் சுவரில் அறைந்திருந்த அந்தச் சின்ன டப்பாவை அணைத்து, முப்பது எண்ணிப் போட்டார். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முழித்தன. திரும்பி வந்து பார்த்தால் ஒன்று. “அந்த டப்பாவையே இங்ஙன தூக்கிட்டு வந்துரட்டா?” “ஐயோ தொட்டுராதிய. அதுக்கு வார வயரு கண்ணாடி நூலு. மடங்குனா ஒடிஞ்சிரும், பொறவு நாலு நாளைக்கு ஒண்ணும் கெடையாது. அன்னைக்கே சொவத்துல ஒரு ஓட்டையப் போட்டு கம்ப்யூட்டருக்கு வயரு இழுத்துருதேன்னு சொன்னேன். மதினிதானே, ஓட்டையும் வேண்டாம் ஒடசலும் வேண்டாம், ஆகாசத்துல வாரதே போதும்னாவ.” சிரித்தான். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டான். பிறகு கேட்டான்: “டப்பாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இரும்பு ஏதும் இருக்கா?” இல்லையே, சுவர்தான் என்றார் தங்கப்பழம். மனதறிந்து பொய் சொல்லவில்லை.

வேறு யாராவது உங்கள் இணைப்பை உறிஞ்சுகிறார்களா என்று பாருங்கள் என்று சொல்லி, எந்த எண்ணைத் தட்டினால் டப்பாவின் உள் பக்கம் திறக்கும் என்பதையும், சந்தேகமாக ஏதாவது இருந்தால் எந்த இடத்தில் அமுக்கி நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு இசக்கிராஜ் கம்பத்துக்குத் திரும்பினான். திறந்தது. இந்த நேரத்தில் இணைப்பில் இருப்பவை இரண்டு. முதலாவது, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு பெயர். அது தன் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும், இயந்திரத்துக்கு இயந்திரப் பெயர். இரண்டாவது, ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஜெயக்கொடி. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜெயக்கொடி. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. இப்போது இருக்கிறது என்று அர்த்தம். புள்ளிக்குப் பக்கத்தில் ஓர் எண், அது ஏறிக்கொண்டிருந்தது, நின்றது, கொஞ்சம் யோசித்ததுபோல இருந்துவிட்டு மறுபடி ஏறியது. அவர் மனைவி, சத்துணவு அமைப்பாளராக இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கும் முட்டைக்கும் பொறுப்பேற்றவள். இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அடுக்களையில் குழாய் சொட்டுகிறதா என்று காது கொடுத்தார், சொட்டவில்லை. முப்பத்தொன்பது எங்கே போகிறது என்று கேட்டாயே என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. குரல் இல்லை, குரல் இல்லை என்பதைத் தனக்கே இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். அவள் என்ன எடுப்பாள்? அங்கே எதற்கு அவளுக்கு? உயிரோடு இருந்தபோது கேட்டு வாங்கத் தெரியாதவள், மீதமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறவள், பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டியதில் கைவைப்பாளா. அல்லது பிள்ளைக்குத்தானா. பிள்ளையைத்தானா. அந்த நினைப்பு முழுசாக வருவதற்குள் கை போய்விட்டது. ஐஸ் கம்பெனியில் அது விதி, கேள்வி பிறகு, வால்வை முதலில் மூடு. மூடிவிட்டு யோசி. முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் ஆட்களைக் காப்பாற்றினார். பெயரின் மேல் அம்புக்குறியை வைத்து, இசக்கிராஜ் சொன்ன இடத்தை அமுக்கினார். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றார்.

பச்சைப் புள்ளி அணைந்தது. கூடவே எல்லாம் அணைந்தது. கம்ப்யூட்டரின் கீழ் மூலையில் இணைப்பு இல்லை என்று உலக உருண்டை ஒன்று சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. அவர் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது. இரண்டு நாற்பத்தெட்டு. இசக்கிராஜுக்கு அடித்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல், தமிழிலும் ஆங்கிலத்திலும், அலுப்பே இல்லாமல். மறுபடி அடித்தார். ஜெயக்கொடிக்கு ஆபரேஷன் என்றபோதும் இப்படித்தான், மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்று. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேள்வி பிறகு. போட்டார். இரண்டு நாள் துணைக்கு இருந்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தார், நாளை மறுநாள்தான் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். வந்து கால் கழுவவில்லை, மச்சினன் போன் செய்தான், அத்தான், இன்னைக்கே உள்ள கொண்டு போறாவ, அக்கா ஒங்கள்ட்ட பேசணும்ங்கா, வீடியோவுல வாங்க. வந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி ஒரு கணம் அவள் முகம் வந்தது, பச்சைத் துணித் தொப்பி, நெற்றியில் பொட்டில்லாமல், வாய் பாதி திறந்து. அப்படியே நின்றுவிட்டது. என்னமோ சொல்ல ஆரம்பித்திருக்கிறாள், முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. அவர் ஹாலில் அங்கேயும் இங்கேயும் ஓடினார், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். முகம் அசையவில்லை. பிறகு அதுவும் போயிற்று. என்ன சொன்னாள் என்று மச்சினனிடம் கேட்டதற்கு, நான் போனத்தான் புடிச்சுட்டு இருந்தேன் அத்தான், செவிலிப் பிள்ளைய சத்தம், சரியாக் கேக்கல என்றான். உள்ளே போனவள் உயிரோடு வெளியே வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தப் போனை அவள் பீரோவுக்குள் வைத்து மூடினார். பூட்டவில்லை, பூட்டினால் சாவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைவீதிக்குப் போய்ப் பட்டன் போன் ஒன்று வாங்கி வந்தார். அதில் முகம் வராது.

மூன்று ஐந்துக்கு இசக்கிராஜே கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு “அண்ணாச்சி” என்றான், சிரிக்காமல், மெதுவாக. “அது ஒங்க கம்ப்யூட்டருதான். செகண்ட்ஸ்ல வாங்குன அன்னைக்கு நாந்தான் மாட்டிக் கொடுத்தேன். பேரு என்ன வைக்கன்னு அது கேட்டுது. மதினி வந்து ஒக்காந்து ஒத்த வெரலால அவியளே அடிச்சாவ. தெனமும் எத்தன பிள்ளைய சாப்பிட்டுதுன்னு அதுலதானே ஏத்துவாவ. மத்தது ஒங்க டிவிப் பெட்டி. நீங்க ஒங்களையே நிறுத்திப்புட்டிய.” இங்கேயிருந்தே எடுத்துவிடுகிறேன் என்று ஏதோ செய்தான். உலக உருண்டைக்கு நிறம் திரும்பியது. பட்டியலில் அந்தப் பெயர் மறுபடி வந்து பச்சையாக நின்றது. தங்கப்பழத்துக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. பதினான்கு மாதமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தது, மழை எப்போது என்று பார்த்தது, ஒரு நாள் மத்தியானம் ஒன்றுமே செய்யாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அத்தனையும் அந்தச் சின்ன டப்பாவுக்கு ஜெயக்கொடி செய்ததாகத்தான் தெரிந்திருக்கிறது. அதன் கணக்கில் அவள் சாகவே இல்லை. இந்த வீட்டில் ஆளே இல்லாமல் போனது தங்கப்பழம்தான். விரல்களைத் திருப்பிப் பார்த்தார். ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்துப் பொத்தானில் எழுத்துத் தேய்ந்து வெறும் கறுப்பாக இருந்தது. அவர் அடித்துத் தேய்ந்ததல்ல.

மணி மூன்று பதினாறு, ஒன்று புள்ளி இரண்டு. பேனாவை நோட்டில் வைத்திருக்கும்போதே தெருவில் உப்பு லாரி ஒன்று போனது. இந்தத் தெருவில் லாரி போனால் தரை அதிரும், தம்ளரில் தண்ணீர் நடுங்கும், அது பழக்கம். லாரி போய் முடிந்த பிறகு அவருக்குப் பின்னால், வலது பக்கமாக, ஒரு சத்தம் கேட்டது. கிர்ர் என்று நீளமாக ஆரம்பித்து டக்கென்று நிற்கிற சத்தம். நாற்பத்திரண்டு வருஷம் காலையில் ஐந்தே முக்காலுக்கு அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தார். அவள் குளித்து வந்து சேலை எடுக்கிற சத்தம். அவர் திரும்பவில்லை. திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்போது முள் எழுந்தது. அது எழுவதுபோல் பாவனை செய்யவில்லை, எழுந்தது, இரண்டு, ஐந்து, ஒன்பது, பதினான்கு என்று போய் அரைவட்டத்தின் நெஞ்சளவில் நின்று லேசாக ஆடியது. பாச்சை உருண்டை வாசனை வந்தது. அதோடு வேறொரு வாசனையும், மடித்து வைத்த பருத்தியும் மஞ்சளும் சேர்ந்தது. முதுகுத்தண்டில் ஐஸ் அச்சைத் தொட்டதுபோல ஒரு கோடு இறங்கியது. உப்புத் தண்ணீருக்குள் கிடக்கும் அச்சு, மைனஸ் எட்டு, கை ஈரமாக இருந்தால் தோலை விடாது. பதினான்கு என்று எழுதினார். பிறகு எழுந்து திரும்பினார்.

பீரோ திறந்திருந்தது. கண்ணாடி பதித்த கதவு ஒரு முழம் அளவுக்கு வெளியே வந்து நின்றது. கண்ணாடியின் மேல் அவர் போட்டிருந்த பழைய எட்டுமுழ வேட்டி மின்விசிறிக் காற்றில் மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியது. கல்யாணத்தில் அவள் வீட்டிலிருந்து சீராக வந்த பீரோ. படுக்கையறையில் இருந்தவரைக்கும் படுத்தால் எதிரே அதுதான், கண்ணாடிக்குள் ஒற்றை ஆளாகத் தான் படுத்திருப்பது தெரியும், பக்கத்தில் காலி இடம் தெரியும். ஒரு நாள் பொறுக்காமல், ஐஸ் பாளங்களை நகர்த்துகிற மாதிரி, கால்களுக்கு அடியில் ஈரச் சாக்கைத் திணித்து ஒற்றை ஆளாகத் தள்ளினார். ஹாலுக்கும் இந்தச் சின்ன அறைக்கும் நடுவே கதவில்லாத ஒரு திறப்பு உண்டு. அதற்குள் பாதி நுழைந்தபோது அடிவயிற்றில் ஏதோ பிடுங்கியது, குடலிறக்கம், பிறகு ஆபரேஷன், கனமான எதையும் தொடாதே என்று கட்டளை. பீரோ அங்கேயே நின்றுவிட்டது, வாசலை அடைத்த மாதிரி, முகத்தை இந்த அறைப் பக்கம் வைத்துக்கொண்டு. இடது ஓரத்தில் ஓரடிச் சந்து. அன்று முதல் அந்தச் சந்தில் பக்கவாட்டில் நுழைந்துதான் கம்ப்யூட்டருக்கு வருகிறார், போகிறார், அதன் முகத்தைப் பார்க்காமல். அவர் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பார்க்கவில்லை. கைப்பிடி சில்லென்றிருந்தது. நாற்காலிக்கு வந்து முள்ளை ஓட்டிப் பார்த்தார். ஒன்று.

அப்போதுதான் இசக்கிராஜின் கேள்வி திரும்ப வந்து காதில் விழுந்தது. நடுவில் இரும்பு ஏதும் இருக்கா? இல்லை என்று சொன்னாரே. அதை அவர் ஒருநாளும் இரும்பாக நினைத்ததில்லை. சுவர் ஒன்றரையடிப் பழஞ்சுவர், அதற்குள் எதுவும் நுழையாது. டப்பாவிலிருந்து வருவது இத்தனை வருஷமும் அந்தத் திறப்பு வழியாகத்தான் வந்திருக்கிறது. திறப்பில் பீரோவை நிறுத்தி அடைத்தவர் அவர். சந்து வழியாகக் கொஞ்சம் கசிகிறது, கசிந்தது நேரே போய் எதிர்ச் சுவரில் முட்டிச் சாகிறது. சுவரோரமாக இடது கைப்பக்கம் ஒடுங்கி இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது திரும்ப வேண்டும் என்றால் திருப்பி விட ஒரு தகடு வேண்டும். கதவு அந்தத் தகடு. காரணம் கிடைத்துவிட்டது. ஐஸ் கம்பெனியில் காரணம் கிடைத்ததும் திரியை ஊதி அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவருக்கு டீ நினைவே வரவில்லை. காரணம் சரி. ஆனால் இத்தனை லாரி போயிருக்கிறது, பதினான்கு மாதமும் போயிருக்கிறது, இன்றைக்கு மூன்று பதினாறுக்கு ஏன் திறந்தது என்பதற்கு அந்தக் காரணத்தில் இடமில்லை. தாழ் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். தேய்ந்த தாழ் ஏதோ ஒரு நாள் விடத்தானே வேண்டும். அந்த ஏதோ ஒரு நாள்.

மூன்று முப்பத்திரண்டு. பீரோவையே உள்ளே தள்ளிவிட முடிந்தால். முதுகைக் கொடுத்து அழுத்தினார், தழும்பு சுருக்கென்றது, காய்ந்து போன சாக்கு தரையோடு ஒட்டிக்கொண்டு கல் மாதிரி கிடந்தது. மாடியில் குடியிருக்கிறவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சரி, கதவைத் திறந்து எதையாவது முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்காரலாம். பார்க்காமல் திறந்தார். ஸ்டூலை வைத்தார், ஓடிப் போய்ப் பார்த்தார், மூன்று. ஸ்டூலை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தை வைத்தார், ஐந்து, குடம் வழுக்கி நகர்ந்தது, ஒன்று புள்ளி எட்டு. பீரோ பாதியில் நின்றதால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, விட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்க்கிறது. மூன்று பதினாறுக்கு மட்டும் அது எப்படித் திறந்தபடி நின்றது? நாலு விரல் கூடினாலும் குறைந்தாலும் முள் படுத்துவிடுகிறது. அலையும்போது சேலைகள் கண்ணில் பட்டன, பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீல வாயில், பள்ளிக்கூடத்துக்கு உடுத்துவது, மேலே அவர் வைத்த போன் கறுத்துக் கிடந்தது. அதை எடுத்து உயிர் கொடுத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் அந்த முகம் இன்னும் அப்படியே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தால்? ‘வா’வா அது, ‘த’வா, ‘தமயந்தி’ என்று தொடங்கினாளா, ‘பாத்து’ என்றா, ‘மாட்டேன்’ என்றா. எத்தனை மத்தியானம் தன் வாயை அப்படி வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் வந்ததில்லை, காற்று மட்டும் வந்தது. கண்ணாடியின் வேட்டி கை பட்டு நழுவியது. பிடிக்கப் போனவர் பிடிக்கவில்லை. அது தரையில் குவிந்தது.

கண்ணாடியில் பொட்டுகள் இருந்தன. அவள் குளிக்கப் போகும் முன் நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்பாள், மறந்துபோய்ப் புதிது எடுப்பாள், அடுத்த நாள் இன்னொன்று. வலது ஓரத்தில் முகம் வரும் உயரத்தில் ஏழெட்டு அரக்குநிறப் பொட்டுகள், சில சின்னது, ஒன்று பெரியது, வெள்ளிக்கிழமைப் பொட்டு. நெற்றி மட்டும் இல்லை. அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் உடம்பை ஒடுக்கி நின்றார். ஒரு கையகலம் முன்னால், ஒரு விரல் பின்னால், எங்கே சரி என்று இங்கிருந்து எப்படித் தெரியும், சுவர் மறைக்கிறதே என்று நினைக்கும்போதே தெரிந்தது. கண்ணாடிக்குள் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. டப்பாவிலிருந்து வருவது எந்த வழியாகத் திரும்பி அங்கே போகிறதோ அதே வழியாகத்தான் கண்ணும் போகிறது. திரை முழுதாகத் தெரியும்படி கதவை வைத்தால் முள்ளும் நிற்கும். வைத்தார். கண்ணாடிக்குள், இடம் வலமாக மாறி, முள் மெல்ல எழுந்தது. பதினாறு. பிடியை விட்டால் கதவு சாத்தும். பிடித்தால் நாற்காலிக்குப் போக முடியாது. தாம்புக் கயிறு கொல்லையில் இருக்கிறது, எடுத்துக் கட்டிவிட்டு வந்துவிடலாம், இரண்டு நிமிஷம், மணி மூன்று ஐம்பத்தி நாலு, போகலாம் என்று காலை எடுத்தார். கம்ப்யூட்டர் மணி அடித்தது.

வருகிற அழைப்பைத் தானாக எடுக்கும்படி காலையிலேயே மாப்பிள்ளை போனில் சொல்லிச் சொல்லி அமைக்க வைத்திருந்தார். எடுத்தது. வட்டம் ஒரு சுற்று சுற்றியது. தங்கப்பழத்தின் விரல்கள் இரும்பைப் பற்றின, மூச்சை நிறுத்தினார், ஆள் நடுவில் நின்றாலும் குறையும் என்று இசக்கிராஜ் எப்போதோ சொன்னது நினைவு வந்து வயிற்றை எக்கி இன்னும் மெலிந்தார். இரண்டாவது சுற்று. பிறகு கண்ணாடியின் ஆழத்தில், திரைக்குள், பச்சைத் துணித் தொப்பி. “அப்பா? ஏம்ப்பா, நாற்காலி காலியா இருக்கு? எங்க போனிய?” குரல் அறைக்குள்ளிருந்து வந்தது, முகம் பீரோவுக்குள்ளிருந்து. “இங்ஙனதான் இருக்கேன்மா. கண்ணாடியப் பாரு. பீரோக் கண்ணாடி.” கொஞ்ச நேரம் தேடினாள். அவள் கண்கள் அலைவது தெரிந்தது. பிறகு நின்றன. “அய்யே, அதுக்குள்ள எதுக்கு ஏறி நிக்கிய!” சிரித்தாள், இருமினாள். “வேட்டியக்கூட ஒழுங்காக் கட்டல. ஷேவ் பண்ணலியா நீங்க? அது அம்மா பீரோல்லா? தொறந்துட்டியளா?” “காத்துக்குத் தொறந்துக்கிட்டுது. கைய விட்டா நீ நின்னுருவ. அதான்.” “நான் நின்னுருவேனா?” “படம் நின்னுரும்ங்கேன்.” “சரி சரி, புடிச்சுக்கோங்க. விட்டுராதிய. சாப்பிட்டியளா?” அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் திறந்தது. ‘சா’வில் ஒரு கணம், ‘பா’வில் ஒரு கணம், ‘அம்மா’வில், ‘விட்டுரா’வில், எல்லாவற்றிலும் அந்த வடிவம் வந்து வந்து போயிற்று, அதே பாதி திறந்த வாய். பதினான்கு மாதமாக எந்தச் சொல் என்று தேடியது எந்தச் சொல்லாகவும் இருந்திருக்கலாம், சாப்பிட்டியளா என்பதாகவும் இருந்திருக்கலாம். அது அவருக்கு ஆறுதலா இல்லையா என்று பார்க்க நேரமில்லை. ஏனென்றால் மகள் தலையணையில் சற்று நகர்ந்து படுத்தாள், கண்ணாடிக்குள் அவள் முகமும் நகர்ந்தது, நகர்ந்து வலது ஓரத்துக்கு வந்தது. அங்கே ஒட்டியிருந்த பெரிய அரக்குப் பொட்டு அவள் வெறும் நெற்றியில் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

பச்சைத் தொப்பி, அந்த மூக்கு, அந்தப் பொட்டு. கண்ணாடிக்குள் படுத்திருந்தது தமயந்தி இல்லை. “என்னப்பா, பேசாம இருக்கிய?” என்று அது கேட்டது. தங்கப்பழம் கதவை அசைக்க முடியாது. கையால் கிள்ளி எடுக்கலாம் என்றால் வலது கை விளிம்பில், இடது கை சுவரில் நசுங்கிக் கிடக்கிறது, நீட்டினால் உடம்பு வழியை மறைக்கும். நீ அவளுக்கு வைக்காதே என்று மனதுக்குள் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பொட்டு உனக்கு, அவளுக்கு வேண்டாம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், முப்பத்தொன்பதையும் எடுத்துக்கொள், என் பெயரில் இந்த வீட்டில் ஒன்றும் வேண்டாம், இந்த ஒன்றை விடு. கழுத்தை மட்டும் அசைக்க முடிந்தது. ஒரு நூல் இடப்பக்கம் சாய்த்தார். பொட்டு நெற்றியிலிருந்து நழுவிப் புருவத்துக்கு வெளியே போய், காதோரம் போய், தொப்பியையும் தாண்டி, வெறும் தலையணை மேல் நின்றது. தமயந்தி திரும்பி வந்தாள். “ஒண்ணுமில்லம்மா. பாத்துட்டுத்தான் இருக்கேன்.” “நானும் பாத்துட்டேன். போதும்ப்பா. கூப்பிடுதாவ, போறேன்.” “போறேன்னு சொல்லாத.” “வாரேன். வாரேன்ப்பா. நீங்க அணைக்காதிய, அவரு போன வச்சுக்கிட்டு வெளிய நிப்பாரு, நான் வெளிய வந்ததும் இதுலயே காட்டுவாரு. எத்தன மணி ஆனாலும்.” தள்ளுகட்டில் நகர்ந்தது, அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது, யாரோ கதவொன்றைத் திறந்து பிடித்தார்கள், உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. மாப்பிள்ளை போனை நாற்காலிமேல் சாய்த்து வைத்திருக்க வேண்டும், அந்த மூடிய கதவு மட்டும் திரையில் நின்றது, உயரே ஒரு சிவப்பு விளக்கு. கண்ணாடிக்குள் அந்தக் கதவு நடுங்காமல், தெளிவாக, பதினாறில் நின்றது. நான்கு பதினொன்றுக்கு உப்பு லாரி ஒன்று போனது. தரை அதிர்ந்தது. பீரோ அவர் கையை மெல்ல, பழக்கமான ஒரு கை இழுப்பதுபோல, சாத்தும் பக்கமாக இழுத்தது. அவர் விடவில்லை. கொல்லையில் கயிறு இருந்தது. எடுக்கப் போகவில்லை. கழுத்தைச் சாய்த்த வாக்கிலேயே, அந்தக் கதவு திறந்து மகள் வெளியே வரும் இடத்தில் பொட்டு விழாதபடி, இன்னும் ஒரு நூல் சாய்த்துக்கொண்டு நின்றார்.